உங்களுக்குத் தெரியுமா? – முதல் கேமிங் கம்ப்யூட்டர்: எது எதோடு சேரும்?

கேமிங் கம்ப்யூட்டருக்கு என்னென்ன பார்ட்ஸ் வாங்கலாம் என்று கேட்டால் இன்று பள்ளிக்கூடப் பையன்கூட மூச்சுவிடாமல் பட்டியல் சொல்வான். அந்தப் பட்டியல்களில் பெரும்பாலானவை ஏ.சி. அறையில், ஆடாத வோல்டேஜில் சோதித்தவை. சேலம், நாமக்கல் பக்கம் முதல் கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்கிறவர் பிராசஸரோடு போர்டு சேருமா என்று பார்த்தால் மட்டும் போதாது. வீட்டுக் கரண்டோடும் ஏப்ரல் வெயிலோடும் பெட்டி ஒத்துப்போகுமா என்றும் பார்த்தாக வேண்டும். இந்த முறை துணுக்குகள் அவருக்காக.

● திருச்செங்கோட்டில் ரிக் வண்டி கட்டுகிறவரிடம் போய், "பெரிய கம்ப்ரஸரா ஒண்ணு போட்டுக் கொடுங்க" என்று மட்டும் சொன்னால் சிரிப்பார். எந்த சேஸிஸ், எத்தனை அடி ஆழம், துளை எவ்வளவு அகலம், கம்ப்ரஸர் எவ்வளவு காற்று தள்ளும் என்று நாலும் கேட்டுவிட்டுத்தான் விலை பேசுவார். ஒன்று குறைந்தால் மற்ற மூன்றுக்குப் போட்ட காசும் வீண். "40,000 ரூபாய் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிட்டேன், மத்ததெல்லாம் ஏதோ ஒண்ணு" என்கிற தம்பிகளை இந்த ஊர்க்காரர்கள்தான் முதலில் திருத்த வேண்டும்.

● ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட்டுக்கு 1331 பின்கள். அவை பிராசஸரின் அடியில் இருக்கும். 2022-இல் வந்த ஏ.எம்.5-க்கு 1718, இதில் பின்கள் போர்டுக்கு இடம் மாறிவிட்டன. இன்டெல்லில் எண்ணே பெயர். எல்.ஜி.ஏ. 1700 என்பது 12, 13, 14-ஆம் தலைமுறைகளுக்கு. எல்.ஜி.ஏ. 1851 என்பது 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு. ஒன்றின் பிராசஸர் இன்னொன்றில் உட்காராது. பேரம் பேசுவதற்கு முன் இரண்டு பெட்டியிலும் இந்த எண்ணைப் படித்துவிடுங்கள்.

● உட்கார்ந்தும் ஓடாத ஜோடி ஒன்று உண்டு. 2015-இல் இன்டெல் 6-ஆம் தலைமுறைக்கு எல்.ஜி.ஏ. 1151 வந்தது. 2017-இல் 8-ஆம் தலைமுறைக்கும் அதே 1151, அதே அளவு, அதே பூட்டு. ஆனால் 6, 7-ஆம் தலைமுறைக்கான போர்டில் 8-ஆம் தலைமுறை பிராசஸர் ஓடாது. செகண்ட் ஹேண்ட் சந்தையில் இந்த இரண்டு வகையும் இன்றும் கலந்து கிடக்கின்றன. "1151 தானே, போட்டுக்கலாம்" என்று யாராவது சொன்னால், போர்டின் சிப்செட் எண்ணைக் கேளுங்கள்.

● பின்கள் போர்டில் இருக்கும் சாக்கெட் என்றால், கடையை விட்டு இறங்கும் முன் கவரைத் தூக்கி செல்போன் டார்ச்சில் பாருங்கள். வளைந்த பின்னுக்கு வாரண்டி கிடையாது. வீட்டில் வந்து பார்த்தால், வளைத்தது யார் என்ற பஞ்சாயத்துக்கு முடிவே இல்லை.

● பி450 போர்டுகள் 2018-இல் வந்தவை. ரைசன் 5000 வரிசை வந்தது 2020 கடைசியில். போர்டு எப்போது பெட்டிக்குள் போனதோ அன்றைய பயாஸ்தான் அதில் இருக்கும். தனக்குப் பின்னால் பிறந்த பிராசஸரை அதற்குத் தெரியாது. திரை வராது, பீப்கூட வராமல் போகலாம். போர்டு கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் உண்டு. பயாஸ் அப்டேட் செய்தால் முடிந்தது. பிராசஸர் இல்லாமலேயே பென் டிரைவில் அப்டேட் செய்யும் 'பயாஸ் ஃபிளாஷ்பேக்' பட்டன் சில போர்டுகளில் இருக்கிறது. இல்லையென்றால், வாங்கும்போதே கடையில் செய்து தரச் சொல்லுங்கள்.

● இன்டெல் 13, 14-ஆம் தலைமுறையின் பெரிய டெஸ்க்டாப் சிப்கள் அளவுக்கு மீறிய வோல்டேஜைக் கேட்டு வாங்கித் தாங்களே தேய்ந்தன. 2024 ஆகஸ்டில் அதற்கான திருத்தம் பயாஸ் வழியாக வந்தது. வாரண்டியையும் இன்டெல் 2 ஆண்டு நீட்டியது. பழைய ஐ7, ஐ9 ஒன்று மலிவாகக் கிடைத்தால் அது பழைய பயாஸிலேயே எத்தனை நாள் ஓடியது என்று யோசித்துவிட்டு வாங்குங்கள்.

● அண்ணன் வைத்திருந்த பழைய கூலர் தம்பியின் புது போர்டில் மாட்டவில்லையா? எல்.ஜி.ஏ. 1151, 1200 போர்டுகளில் கூலர் துளைகளின் இடைவெளி 75 மி.மீ. எல்.ஜி.ஏ. 1700-இல் 78. மூன்று மி.மீ. தான், ஆனால் புது பிராக்கெட் இல்லாமல் திருகு இறங்காது. ஏ.எம்.4 கூலர்களில் பல ஏ.எம்.5-இலும் மாட்டும். இந்த ஒரு விஷயத்தில் ஏ.எம்.டி. பயனர்கள் பாக்கியசாலிகள்.

● டி.டி.ஆர்.4 ராமுக்கும் 288 தொடுபுள்ளி, டி.டி.ஆர்.5 ராமுக்கும் 288. நீளமும் ஏறக்குறைய ஒன்றே. நடுவிலிருக்கும் வெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும். அந்த வெட்டு இருப்பது உங்களைத் தடுக்கத்தான். கட்டைவிரலால் அழுத்தி ஜெயித்துவிடாதீர்கள்.

ஏ.எம்.4 என்றால் டி.டி.ஆர்.4, ஏ.எம்.5 என்றால் டி.டி.ஆர்.5. இதில் குழப்பமில்லை. குழப்பம் எல்.ஜி.ஏ. 1700-இல்தான். அந்த பிராசஸர்கள் இரண்டையும் ஏற்கும். போர்டு ஏதாவது ஒன்றைத்தான் ஏற்கும். ஒரே மாடல் பெயரில் டி4 என்று முடியும் போர்டும் முடியாத போர்டும் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

● 2025 கடைசியில் ராம் விலை ஏறியது நினைவிருக்கிறதா? ஏ.ஐ. சர்வர்களுக்கு நினைவகச் சிப்கள் போனதே காரணம். அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், கிரூசியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு ராம் விற்பதை நிறுத்துவதாகவே அறிவித்தது. விலையைப் பார்த்து மிரண்டவர்கள் 16 ஜி.பி. ஒரே குச்சியாக வாங்கி, "அடுத்த வருஷம் இன்னொண்ணு போட்டுக்கலாம்" என்கிறார்கள். தனிக் கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் சமாளிக்கலாம். ரைசன் 5 5600ஜி போலப் படத்தையும் பிராசஸரே வரைகிற கம்ப்யூட்டரில் ஒற்றைக் குச்சி என்றால், தரவு போகும் பாதை சரிபாதி. கேம் வேகம் அங்கேயே அடிவாங்கும். அதற்கு 8 ஜி.பி. இரண்டாகப் போடுவது மேல். நாலு ஸ்லாட் போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி 2, 4-ஆம் ஸ்லாட்டில் போட வேண்டும்.

● பிராசஸர் பெயரின் கடைசி எழுத்தைப் பார்த்தீர்களா? ஐ5-12400-இல் படம் வரும். ஐ5-12400எஃப்-இல் வராது, தனிக் கார்டு கட்டாயம். 'எஃப்' விலை குறைவு என்பதால் அதைத்தான் எல்லாரும் வாங்குகிறார்கள், தப்பில்லை. கார்டை அடுத்த மாதச் சம்பளத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர் மட்டும், அந்த ஒரு மாதம் பெட்டி சும்மா நிற்கும் என்று தெரிந்து வாங்கட்டும்.

● கடையில் அடிக்கடி நடக்கும் பேச்சு:

"அண்ணா, இந்த கேபினெட்டோடவே 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். வருதுங்களா?"

"வருது தம்பி. ஆனா அது டைப்படிக்கிற கம்ப்யூட்டருக்குங்க. கார்டு போடறதா இருந்தா இதைக் கழட்டி வெச்சுட்டு வேற ஒண்ணு வாங்கிக்குங்க."

இப்படிச் சொல்கிற கடைக்காரர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். பெட்டியின் மேல் 450 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பக்கவாட்டு ஸ்டிக்கரில் +12 வோல்ட் என்ற கட்டத்தைத் தேடுங்கள். அதில் 18 ஆம்பியர் என்றிருந்தால் 12-ஐ 18-ஆல் பெருக்குங்கள்: 216 வாட். பிராசஸருக்கும் கார்டுக்கும் கிடைக்கப்போவது அவ்வளவுதான். மீதி வாட் எல்லாம் இந்தக் காலக் கம்ப்யூட்டர் அதிகம் தொடாத 3.3, 5 வோல்ட் கணக்கில் எழுதப்பட்டவை.

உண்மையில் எவ்வளவு வேண்டும்? ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டுக்கு 115 வாட். ரைசன் 5 5600 அதிகபட்சம் 76 வாட். போர்டு, ராம், எஸ்.எஸ்.டி., ஃபேன் எல்லாம் சேர்த்து ஒரு 50 வைத்துக்கொண்டால் 240 சொச்சம். இதற்கு என்விடியா சிபாரிசு செய்வது 550 வாட். கார்டு ஒரு கணம் குபீரென்று இழுக்கும், எஸ்.எம்.பி.எஸ். வயதாகித் தளரும் என்பதால் இந்த இடைவெளி. நல்ல 550 இருக்கும்போது மோசமான 750 எதற்கு?

● '80 பிளஸ்' முத்திரைக்கான சோதனையைச் செய்வது 23 டிகிரி அறை வெப்பத்தில். சேலத்தில் மே மாதம் மொட்டைமாடி ரூமில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். முத்திரை சொல்வது கரண்ட் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும்தான். வெயிலில் எத்தனை வருஷம் தாங்கும் என்பதை அது சொல்லாது. ஸ்டிக்கரில் அந்த வாட்டை 40 டிகிரியில் தரும், 50 டிகிரியில் தரும் என்று தனியாகப் போட்டிருப்பார்கள். நம்மூருக்கு 50 போட்டதைத் தேடுங்கள்.

● கேபிள் கழற்றி மாட்டும் மாடுலர் எஸ்.எம்.பி.எஸ். பழசாகி வேறு கம்பெனி வாங்கினால், கேபிள் ஒரே மாதிரிதானே இருக்கிறது என்று பழைய கேபிளையே விட்டுவிடாதீர்கள். போர்டு பக்கத்து முனைக்குத்தான் பொது விதி உண்டு. எஸ்.எம்.பி.எஸ். பக்கத்து முனையில் எந்தக் குழியில் எந்த வோல்ட் என்பது அந்தந்தக் கம்பெனியின் இஷ்டம். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போனால் ஹார்டு டிஸ்க்கும் அதிலிருந்த கல்யாண போட்டோக்களும் ஒரே நொடியில் காலி.

இன்னொரு இரட்டையர்: பிராசஸருக்குப் போகும் 8 பின், கார்டுக்குப் போகும் 8 பின். முன்னது 4+4, பின்னது 6+2. பாசிட்டிவும் நெகட்டிவும் நேர் எதிர்.

● வெளிநாட்டிலிருந்து மாமா பழைய எஸ்.எம்.பி.எஸ். கொண்டுவந்தால் பின்னால் சின்னச் சிவப்பு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். 115-இல் வைத்து நம் 230-இல் சொருகினால் தீபாவளி முன்கூட்டியே வரும்.

● தோட்டத்து மோட்டார்கள் ஓடும் நேரத்தில் ராசிபுரம், எடப்பாடி கிராமங்களில் ஃபேன் சோம்பலாகச் சுற்றும். வோல்டேஜ் 180, 170 என்று இறங்கியிருக்கும். எஸ்.எம்.பி.எஸ். ஸ்டிக்கரில் உள்ளீடு '100–240' என்று இருந்தால் அது அசராது. வோல்ட் குறைந்த அளவுக்கு ஆம்பியரைக் கூட்டி இழுத்துக்கொள்ளும். '200–240' என்றிருந்தால் கேம் நடுவில் பெட்டி அணையும். உங்கள் ஊர் லோ வோல்டேஜ் ஊர் என்றால் கார்டு மாடலைவிட இந்த மூன்று இலக்கம் முக்கியம். தனியாக ஸ்டெபிலைசர் வாங்கும் காசும் மிச்சம்.

● ஹை வோல்டேஜுக்கு மருந்து வேறு. தெருக் கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால், மூன்று ஃபேஸ் வீடுகளுக்குள் கரண்ட் தானே பங்கு பிரித்துக்கொள்ளும். லோடு குறைவாக இருக்கும் வீட்டில் 230 இருக்க வேண்டிய இடத்தில் 400-ஐ நெருங்கும். கோடை மழைக் காற்றில் மரக்கிளை விழும் மாதம்தான் இதற்கு சீசன். காற்றோ மின்னலோ கண்டால் பிளக்கைக் கழற்றுவது அப்பத்தாக்கள் டி.வி.க்குச் செய்தது; கம்ப்யூட்டருக்கும் அதைவிட நல்ல யோசனை இன்னும் வரவில்லை.

● கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? டெஸ்டரை வைத்தால் எரிகிறதா? பெட்டிக்குள் ஷார்ட் என்று பயந்து கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். கடையில் வைத்துப் பார்த்தால் ஒன்றுமே இருக்காது.

நடப்பது இதுதான். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாசலில், மின் இரைச்சலை வடிகட்ட, ஃபேஸிலிருந்து உடம்புக்கு ஒன்றும் நியூட்ரலிலிருந்து உடம்புக்கு ஒன்றுமாக இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் உண்டு. எர்த் சரியாக இருந்தால் அதன் வழியே வரும் துளிக் கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் பெட்டியின் உடம்பு 230-இல் பாதியில், அதாவது 115 வோல்ட் பக்கமாக, தொங்கிக்கொண்டிருக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு போகிறது. ஆனால் நாளைக்கு உள்ளே நிஜமாகவே ஷார்ட் ஆனால் காப்பாற்ற எர்த் இல்லையே! கம்ப்யூட்டரை டி.வி.யோடு எச்.டி.எம்.ஐ. கேபிளில் இணைக்கும்போது போர்ட் பொசுங்குவதற்கும் இது ஒரு காரணம்.

மூன்று துளை பிளக் பாயின்ட் இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பழைய வீடுகளில் மேல் துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. வயர் இருந்தாலும், கரியும் உப்பும் போட்டு இறக்கிய எர்த் குழி கோடையில் காய்ந்துபோய்விடும். அதில் நாலு குடம் தண்ணீர் ஊற்றுவதும் கம்ப்யூட்டர் பராமரிப்புதான். மேற்கொண்டு ஏதாவது செய்வதென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

● வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே, தனி யூ.பி.எஸ். எதற்கு? பல வீட்டு இன்வெர்ட்டர்களில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது: ஒரு பக்கம் யூ.பி.எஸ்., மறு பக்கம் நார்மல் அல்லது ஈகோ. நார்மலில் வைத்தால் கரண்ட் போனதும் பேட்டரிக்கு மாற எடுக்கும் நேரம், கம்ப்யூட்டருக்கு அதிகம். நல்ல எஸ்.எம்.பி.எஸ்.கூட முழு லோடில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது ஏறக்குறைய 12 முதல் 17 மில்லிசெகண்ட் வரைதான். யூ.பி.எஸ். பக்கம் தள்ளினால் வேகமாக மாறும். ஆனால் அந்த நிலையில் இன்வெர்ட்டர் லோ வோல்டேஜைப் பொறுக்காது. 180-க்கு அருகே இறங்கியதும் பேட்டரிக்குத் தாவிவிடும். மோட்டார் ஓடும் சாயங்காலம் முழுக்க பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். இதனால்தான் ஒரே பெட்டி நகரத்து வீட்டில் ஒழுங்காகவும் தோட்டத்து வீட்டில் கோளாறாகவும் நடந்துகொள்கிறது.

தனி யூ.பி.எஸ். வாங்கினால் வி.ஏ.வைப் பார்க்காதீர்கள், வாட்டைப் பாருங்கள். 600 வி.ஏ. என்பது வழக்கமாக 360 வாட்தான். மேலே கணக்குப் போட்ட 240 வாட் கம்ப்யூட்டரும் மானிட்டரும் அதில் அடங்கும், நெருக்கியடித்துக்கொண்டு. பெரிய கார்டு என்றால் 1000 வி.ஏ. பக்கம் போங்கள். சேவ் செய்து ஷட் டவுன் செய்ய ஐந்து நிமிடம் கிடைத்தால் போதும். மேட்சை முடிக்க வேண்டும் என்பது பேராசை.

● அறை வெப்பம் 10 டிகிரி ஏறினால் சிப்பின் வெப்பமும் ஏறக்குறைய அதே 10 ஏறும். 25 டிகிரி அறையில் 75 காட்டிய கார்டு, நம் மே மாதத்தில் 90-ஐத் தொட முயலும். ஃபேன் வேகமெடுத்துச் சமாளிக்கும். முடியாதபோது சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ரைசன் 7600எக்ஸின் எல்லை 95 டிகிரி, இன்டெல்லின் பலவற்றுக்கு 100. கருகிப்போகும் என்ற பயம் வேண்டாம், ஃப்ரேம் குறையும். ஏற்காடு 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலத்தைவிட எட்டு டிகிரியாவது குறைவு. அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையேறினால் செலவில்லாமல் ஒரு கூலர் வாங்கியது போலத்தான். நடக்கிற காரியமா என்று கேட்காதீர்கள்.

நடக்கிற காரியம் கேபினெட் முகப்பு. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு உள்ளே மூன்று கலர் ஃபேன் வைத்த பெட்டி போட்டோவுக்கு அழகு. காற்று எங்கிருந்து வரும்? நம் சமவெளிக்கு முன்பக்கம் வலை போட்ட கேபினெட்தான்.

● வலை என்றால் தூசி வருமே! வரும். பள்ளிபாளையம், குமாரபாளையம் போல விசைத்தறி ஓடும் தெருக்களில் வருவது வெறும் மண் தூசி இல்லை, பஞ்சு. ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவே அது மெத்தை போலப் படிந்துவிடும். ஊதினால் போகாது, இடுக்கியால் உரித்து எடுக்க வேண்டும். உள்ளே காற்றிழுக்கும் ஃபேன்கள் வெளியே தள்ளுவதைவிட ஒன்று கூடுதலாக இருந்தால், காற்று சந்துபொந்து வழியே நுழையாமல் ஃபில்டர் வழியாக மட்டும் நுழையும். காந்தத்தில் ஒட்டும் ஃபில்டர் என்றால் கழற்றிக் குழாயடியில் அலசி, நன்றாகக் காய்ந்தபின் மாட்டலாம்.

● ஒரே பெயர், இரண்டு கார்டு. ஜி.டி. 1030-ஐ முதலில் ஜி.டி.டி.ஆர்.5 நினைவகத்தோடு விற்றார்கள். 2018-இல் அதே பெயரில் டி.டி.ஆர்.4 போட்டு இன்னொன்று வந்தது. நினைவக வேகம் நொடிக்கு 48 ஜி.பி.யிலிருந்து சுமார் 17-க்கு இறங்கியது. பெட்டியில் பெயர் ஒன்றேதான்.

ஆர்.டி.எக்ஸ். 3050-இலும் அப்படி. 8 ஜி.பி. கார்டு 130 வாட். தனிக் கேபிள் வேண்டும். 2024-இல் வந்த 6 ஜி.பி. கார்டு 70 வாட். உள்ளே இருக்கும் கோர்களும் குறைவு. ஆனால் அந்த 70-க்கு ஒரு மகிமை இருக்கிறது. போர்டின் ஸ்லாட்டே 75 வாட் தரும் என்பதால் அதற்குக் கேபிளே தேவையில்லை. அடுத்த துணுக்கில் அது கைகொடுக்கும்.

● ஐ.டி. கம்பெனிகள் கழித்துவிட்ட ஆபீஸ் கம்ப்யூட்டரை வாங்கி, ஒரு கார்டு மட்டும் சொருகி கேமிங் கம்ப்யூட்டர் ஆக்குவது சின்ன ஊர்களில் நல்ல வழி. ஆனால் டெல் ஆப்டிபிளெக்ஸ் போன்ற பெட்டிகளில் போர்டுக்குப் போகும் பவர் முனை ஊர் உலகத்து 24 பின் இல்லை. அந்தக் கம்பெனியின் சொந்த 8 பின் அல்லது 6 பின். எஸ்.எம்.பி.எஸ்.ஸும் மாடலைப் பொறுத்து பெரும்பாலும் 180 முதல் 290 வாட் வரைதான். கடையில் கிடைப்பதை வாங்கி மாட்ட முடியாது. ஒல்லிப் பெட்டி என்றால் பாதி உயரக் கார்டு மட்டுமே நுழையும். கேபிள் கேட்காத 70 வாட் கார்டின் பாதி உயர வடிவம் இங்கேதான் பொருந்துகிறது.

வாங்கும் முன் பிராசஸர் தலைமுறையைக் கேளுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பது இன்டெல்லில் 8-ஆம் தலைமுறையிலிருந்து. வேலரண்ட் ஆடுகிறவர்களுக்கு இன்னும் ஒரு முடிச்சு: விண்டோஸ் 11-இல் அந்த கேம் டி.பி.எம். 2.0-வும் செக்யூர் பூட்டும் கேட்கும். 6-ஆம் தலைமுறைப் பெட்டியை மலிவாகப் பிடித்துவிட்டு, ஆசைப்பட்ட அந்த ஒரு கேம் மட்டும் திறக்காமல் நிற்பது பெரிய வேதனை.

● 2022 செப்டம்பர் 15-இல் எதீரியம் நாணயம் சுரங்கம் தோண்டும் முறையையே கைவிட்டது. அதற்காக இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்த கிராஃபிக்ஸ் கார்டுகள் உலகம் முழுக்கச் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்தன. அவையெல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஃபேனும் தெர்மல் பேடும் தேய்ந்திருக்கும், மாற்றிக்கொள்ளலாம். பயப்பட வேண்டியது போலிக் கார்டுக்கு. பத்து வருஷப் பழைய சிப்பில் பயாஸை மாற்றி எழுதி ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. என்று விற்றிருக்கிறார்கள். விண்டோஸும் அந்தப் பெயரையே காட்டும். இலவசமாகக் கிடைக்கும் 'ஜி.பி.யு.-இசட்' செயலி இந்தத் திருட்டைக் கண்டுபிடிக்கும். விற்பவர் வீட்டிலேயே அதை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வண்டியை எடுங்கள்.

● ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. கார்டு பார்வைக்கு முழு நீள ஸ்லாட்டில் உட்காரும். பயன்படுத்துவது நாலே பாதை. பி.சி.ஐ.இ. 4.0 போர்டில் பரவாயில்லை. பழைய 3.0 போர்டில் அந்த நாலு பாதையும் பாதி வேகமாகும்.

● கேபினெட் விவரத்தில் இரண்டு எண்கள்: கார்டு நீளம் எத்தனை மி.மீ. வரை, கூலர் உயரம் எத்தனை மி.மீ. வரை. கடைக்குப் போகும்போது டேப் எடுத்துக்கொண்டு போகிறவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். போர்டைப் பொறுத்தவரை மைக்ரோ ஏ.டி.எக்ஸ். என்றால் 244-க்கு 244 மி.மீ.; பெரிய ஏ.டி.எக்ஸ். பெட்டியில் தாராளமாக உட்காரும். 305 மி.மீ. நீள ஏ.டி.எக்ஸ். போர்டு சின்னப் பெட்டியில் உட்காராது.

● எம்.2 எஸ்.எஸ்.டி.யில் 2280 என்பது 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். இதே அளவில் சாட்டா வகையும் உண்டு, என்.வி.எம்.இ. வகையும் உண்டு. என்.வி.எம்.இ. மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் சாட்டா வகை தெரியவே தெரியாது. சில போர்டுகளில் எம்.2 போட்டதும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட் அணைந்துவிடும். பழைய ஹார்டு டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவுகட்டும் முன் கேபிளைப் பக்கத்து போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

● கலர் ஃபேனின் லைட் முனையில் மூன்று பின் இருந்தால் 5 வோல்ட். நாலு பின் கலர் முனை 12 வோல்ட். மாற்றிச் சொருகினால் ஒரே ஒரு முறை பளிச்சென்று எரியும்.

● வெள்ளிக் கொலுசுக்குப் பெயர்போன சேலத்துக்காரர்களுக்கு ஒரு தகவல்: ஆர்க்டிக் சில்வர் 5 என்ற தெர்மல் பேஸ்டில் இருப்பது அசல் வெள்ளித் துகள். ஒரு பட்டாணி அளவு போதும். செய்கூலி, சேதாரம் கிடையாது.

● கம்ப்யூட்டர் பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். பில் இல்லாமல் வாங்கினால் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். கார்டுக்கும் போர்டுக்கும் பெரும்பாலும் 3 ஆண்டு வாரண்டி. சீரியல் நம்பர் போட்ட பில்தான் அதற்குச் சாவி. பெங்களூர் இங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர், சென்னை அதைவிடத் தூரம். பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலோ சென்னை ரிச்சி தெருவிலோ ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்து வாங்கிய போர்டு கெட்டால், பஸ் செலவும் அங்கே காத்திருக்கும் நாளும் அந்த ஆயிரத்தைத் தின்றுவிடும். கார்டும் போர்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் உள்ளூர்க் கடையில் வாங்குங்கள். கீபோர்டு, மவுஸை எங்கே வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.

● கேம் ஓடும்போது கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து 300 வாட் என்று வையுங்கள். தினம் 4 மணி நேரம் ஆடினால் 1.2 யூனிட். இரண்டு மாத ஈ.பி. ரீடிங்குக்கு 72 யூனிட். 2016 மே மாதம் வீடுகளுக்கு அறிவித்த 100 யூனிட் இலவசத்தில் முக்கால்வாசி கேமுக்கே சரியாகிவிடும். அப்பா இதைப் படிக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

● ஏ.எம்.5 போர்டை முதல் முறை ஆன் செய்தால் ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். பல நிமிடங்கள்கூட ஆகலாம். போர்டு ராமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. பதறிப்போய்ப் பவரை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஒரு டீ குடித்துவிட்டு வந்தும் திரை வரவில்லையென்றால் அப்புறம் யோசிக்கலாம்.

● 6000 வேகம் என்று காசு கொடுத்து வாங்கிய டி.டி.ஆர்.5 ராம் முதலில் 4800-இல்தான் ஓடும். பயாஸில் போய் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போவை ஆன் செய்தால்தான் காசுக்கேற்ற வேகம்.

● மானிட்டர் கேபிளை எங்கே சொருகினீர்கள்? பெட்டியின் பின்னால் மேலே செங்குத்தாக இருப்பது போர்டின் எச்.டி.எம்.ஐ. கீழே படுக்கையாக இருப்பதுதான் கார்டுடையது. மேலே சொருகிவிட்டு, "கார்டு வேலை செய்யலீங்ணா" என்று வரும் போன்களுக்குக் கடைக்காரர்கள் பழகிப்போயிருக்கிறார்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியவர்கள் விண்டோஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே வரை உள்ளே போய் 144-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் அது 60-லேயே ஓடிக்கொண்டிருக்கும். பட்டியலில் 144 இல்லவே இல்லையென்றால், பழைய எச்.டி.எம்.ஐ. கேபிளைக் கழற்றிவிட்டு டிஸ்ப்ளே போர்ட் கேபிளை மாட்டுங்கள்.